வீட்டில் இத்தனை முகாமையாளர் எதற்கு?

தமிழ்த்திறன் போட்டியில் பேச்சுப் போட்டி நடக்கும்போது, மேடையை விட்டுவிட்டு முன்வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். மேடையில் ஒன்பது வயதுப் பிள்ளை நிற்கும். தலைப்பு தலைமைத்துவம் பற்றியோ நாளைய தலைவர்கள் பற்றியோ இருக்கும். பேச்சை எழுதியவர் அப்பா. இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு மாஸ்டர். எந்த வரியில் கை உயரவேண்டும், எந்த வரியில் குரல் தழுதழுக்கவேண்டும் என்று பழக்கியவர் அம்மா. பிள்ளை வாய் திறந்ததும் முன்வரிசையில் அம்மாவின் உதடும் சத்தமில்லாமல் அசையத் தொடங்கும். நடுவில் ஒரு வரி மறந்துவிட்டால் பிள்ளையின் கண் நடுவரிடம் போகாது, சபையிடமும் போகாது. நேரே அம்மாவின் உதட்டுக்குத்தான் போகும்.

தலைமை பற்றிப் பேசுவதற்கே இன்னொருவரின் உதட்டைப் பார்த்து நிற்கிற பிள்ளைக்கு நாங்கள் எதைத்தான் பழக்கிக்கொண்டிருக்கிறோம்?

நாங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த முன்வரிசையில் நானும் இருக்கிறேன்.

டோர்ட்மண்டில் எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால் பிரிட்ஜ் கதவைப் பாருங்கள். அங்கே ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். திங்கள் கணித ரியூசன், செவ்வாய் மிருதங்கம், புதன் நீச்சல், வியாழன் மறுபடியும் ரியூசன், வெள்ளி கோயில், சனி காலை தமிழாலயம், பின்னேரம் பரதநாட்டியம். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ‘ஓய்வு’ என்று இருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் ‘ஆங்கில வாசிப்பு’ என்றும் இருக்கும். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு நிற மை. இரவு வேலை முடித்து வந்த அப்பா கண் எரிய எரிய ஸ்டியரிங் பிடித்து ஒரு பிள்ளையை இறக்கிவிட்டு மற்றதை ஏற்றப் போகிறார். அம்மா கார் கதவைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை உள்ளே நீட்டுகிறார். இதில் ஒரு துளி சுயநலம் கிடையாது. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியும், பிறர் அலுவலகங்களைத் துப்பரவு செய்தும் உழைத்த காசு அந்த அட்டவணையில்தான் கரைகிறது.

ஆனால் அந்த அட்டவணையில் பிள்ளை தானாகத் தெரிந்தெடுத்த ஒரு வரி எது என்று கேட்டால் எத்தனை பேரால் விரல் வைத்துக் காட்ட முடியும்?

1977இல் ஆபிரகாம் சலெஸ்னிக் என்ற பேராசிரியர் ஹார்வார்ட் பிசினஸ் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார். முகாமையாளர்களும் தலைவர்களும் ஒரே வகை ஆட்களா என்பதுதான் கேள்வி. அவர் உளப்பகுப்பாய்வும் கற்றவர். ஆகவே பதவியையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு மனத்தைப் பார்த்தார். முகாமையாளருக்கு ஒழுங்கு வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், சிக்கல் ஒன்று வந்தால் அது சீக்கிரம் தீரவேண்டும். தலைவராக வரக்கூடியவரோ குழப்பத்துக்குள் கொஞ்ச நேரம் நிற்கக் கூடியவர். விடை உடனே கிடைக்காவிட்டாலும் பதறாதவர். பிறகு 1990இல் ஜோன் கொட்டர் என்ற பேராசிரியர் இன்னொரு கோணத்தில் சொன்னார்: சிக்கலான வேலையை ஒழுங்காக ஓடவைப்பது முகாமைத்துவம், மாற்றம் வரும்போது ஆட்களைத் திசை காட்டி அழைத்துப் போவது தலைமைத்துவம். நிறுவனங்களுக்காக எழுதியதுதான் இதெல்லாம். எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

நாங்கள் நல்ல முகாமையாளர்கள். நேரம் தவறாமல் ஏற்றுகிறோம், இறக்குகிறோம், புள்ளி பார்க்கிறோம், குறை கண்டுபிடிக்கிறோம், அடுத்த தவணைக்கு இலக்கு வைக்கிறோம். பிள்ளைக்கு எங்கள் வீட்டில் ஊழியர் வேலை. பதினெட்டு வருடம் ஊழியராக வைத்திருந்துவிட்டு, பத்தொன்பதாவது வருடம் தலைவராக எழும்பி நில் என்கிறோம்.

இந்த ஊரின் கதை ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் மஞ்சள் கறுப்புச் சட்டையோடுதான் திரிகிறார்கள். அந்தச் சட்டைக்குரிய கழகம் எப்படிப் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியும். எங்களில் பலருக்குத் தெரியாது.

பொர்சிக்பிளாட்ஸ் பக்கத்தில் ஓஸ்டர்ஹோல்ஸ் தெருவில் ‘சும் வில்ட்ஷூட்ஸ்’ என்று ஒரு மதுச்சாலை இருந்தது. சுற்றிவர உருக்காலைத் தொழிலாளர் குடும்பங்கள். அந்தப் பகுதி இளைஞர்கள் மூவொரு கடவுள் பங்கின் இளைஞர் சபையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் உதவிப் பங்குக்குரு ஹூபர்ட் டேவால்ட். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையன்கள் தறிகெட்டுப் போகக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக ஆலயத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் கவலை. காற்பந்து அவருக்கு முரட்டு விளையாட்டு. ஞாயிறு பின்னேரம் பையன்கள் பந்தடிக்கப் போகிறார்கள் என்று கண்டதும், அதே நேரத்துக்கு ஒரு வழிபாட்டை வைத்தார். பிள்ளை நழுவுகிற நேரம் பார்த்து வகுப்பு வைக்கிற வித்தையை நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்பட இடமில்லை.

1909 டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அந்த மதுச்சாலையின் மாடி அறையில் இளைஞர்கள் கூடினார்கள், சொந்தமாக ஒரு கழகம் தொடங்குவதென்று. முன்னே நின்றவர்களில் ஒருவர் பிரான்ஸ் யாக்கோபி, வயது 21. செய்தி கேட்டு டேவால்ட் வந்துவிட்டார். கூட்டத்தைக் கலைக்கப் பார்த்தார். அறைக்குள் வர விடாமல் தடுத்தார்கள். வந்திருந்தவர்களில் சிலர் குருவை எதிர்க்க மனமில்லாமல் போய்விட்டார்கள். மிச்சம் நின்ற 18 பேர் போருசியா டோர்ட்மண்டைத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த மதுவடி ஆலையின் பெயரையே கழகத்துக்கும் வைத்தார்கள் என்று சொல்வார்கள். முதல் தலைவர் நாற்காலியில் யாக்கோபி உட்காரவில்லை. ஹைன்ரிஹ் உங்கர் உட்கார்ந்தார். யாக்கோபி அடுத்த வருடம் அந்தப் பொறுப்புக்கு வந்து 1923 வரை இருந்தார்.

டேவால்டிடம் எல்லாம் இருந்தது. பெயர்ப் பட்டியல் இருந்தது, நேரசூசி இருந்தது, தண்டிக்கும் அதிகாரம் இருந்தது, நல்ல நோக்கமும் இருந்தது. யாக்கோபியிடம் இருந்தது தன் பின்னால் யாருடைய கட்டளையும் இல்லாமல் வந்து நின்ற 17 பேர். இந்தக் கதையை வாசிக்கும்போது நாங்கள் எல்லாரும் யாக்கோபிக்குத்தான் கைதட்டுவோம். வீட்டில் எங்கள் இடம் எது? மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிவருகிற அந்தக் குருவின் இடம்தானே?

நாளைக்கே பிள்ளை உங்களைக் கதவுக்கு வெளியே தள்ளவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முகாமையாளர் வேலை கேவலமென்றும் சொல்லவில்லை. அதற்கும் சாட்சி அதே கழகம்தான். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அது பங்குச் சந்தைக்குப் போனது. ஜேர்மனியில் எந்தக் காற்பந்துக் கழகமும் அதுவரை அப்படிப் போனதில்லை. பெரிய கனவு, பெரிய நட்சத்திரங்கள், பெரிய சம்பளம். கணக்குப் பார்க்க ஆளில்லாத கனவு ஐந்து வருடத்துக்குள் கழகத்தை வங்குரோத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. சொந்த விளையாட்டரங்கமே கைமாறிப் போயிருந்தது. 2005 மார்ச் 14ஆம் திகதி டியூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் கூடிய முதலீட்டாளர்கள் மீட்புத் திட்டத்துக்குச் சம்மதித்ததால்தான் கழகம் தப்பியது. அதன் பிறகு நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் யோகிம் வாட்ஸ்கே வருடக்கணக்கில் செய்த வேலை கடனைக் குறைப்பது, செலவைப் பிடிப்பது. யாரும் பாட்டுப் பாடாத வேலை.

மிகாயேல் சோர்க் ஒரு காலத்தில் அந்த அணியின் தலைவராக விளையாடியவர். பிறகு விளையாட்டுப் பணிப்பாளராக மேசைக்குப் பின்னால் இருந்தவர். 2010இல் யப்பானிலிருந்து ஷிஞ்சி ககாவாவை வெறும் மூன்றரை இலட்சம் யூரோவுக்கு வாங்கியது அவருடைய காலத்தில்தான். 2008இல் பயிற்சியாளராக வந்த யூர்கன் குளொப் என்ன செய்தார்? இளம் பையன்களைக் களத்தில் இறக்கினார். நுரி ஷாஹின், மாரியோ கொட்சே எல்லாம் இருபது வயதைச் சுற்றி நின்றவர்கள். தோற்ற ஆட்டங்களும் இருந்தன; இறக்கினதை அவர் நிறுத்தவில்லை. 2011இலும் 2012இலும் சம்பியன் பட்டம் வந்தது. சோர்க்கும் வாட்ஸ்கேயும் இல்லாமல் குளொப் இல்லை. அது போகட்டும். ஆட்டம் நடக்கும்போது சோர்க் களத்துக்குள் ஓடிப்போய்ப் பந்தைத் தான் அடிக்கவில்லை என்பதை மட்டும் நாங்கள் கவனித்தால் போதும்.

நாங்கள் ஓடிப்போய் அடிக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்பொருள் வேலை ஒன்று கொடுத்தால், நடுச்சாமம் வரை அட்டை வெட்டிப் பசை பூசுவது யார்?

இதைவிடக் கசப்பான விசயம் ஒன்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குத் தலைமை புதிதாகப் பழக்கவேண்டிய ஒன்று இல்லை. அவர்கள் அதைச் சின்ன வயதிலேயே செய்து காட்டிவிட்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாங்கள் அகதிகளாக இங்கே வந்து இறங்கியபோது எங்களுக்கு வாயாக இருந்தது யார்? வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட கேள்வியை அம்மாவுக்குச் சொல்லி, அம்மாவின் பதிலை டொச்சில் திருப்பிச் சொன்னது எட்டு வயதுப் பெண்பிள்ளை. வைத்தியரிடம் அப்பாவின் நெஞ்சு நோவை விளக்கினது பத்து வயதுப் பையன். வீட்டுக்காரன் அனுப்பின கடிதத்தில் வாடகை கூடுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்கள்தான். தபாலில் மஞ்சள் உறை வந்தால் அதற்குத் தவணை உண்டு, கிடப்பில் போடக்கூடாது என்று வீட்டில் முதலில் தெரிந்துகொண்டதும் அவர்கள்தான். இன்றைக்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. எதைச் சொல்வது, எதை மறைத்துச் சொல்வது, அம்மா பயப்படாமல் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று அந்தப் பிள்ளை ஒரு கணத்தில் முடிவெடுத்தது. பெரியவர்களுக்குரிய பாரம் அது. தூக்கியிருக்கவே கூடாத பாரம் என்றும் சொல்லலாம்.

அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது வந்து, ‘அம்மா, எனக்கு மருத்துவம் வேண்டாம், மரவேலை படிக்கப்போறன்’ என்று சொன்னால் என்ன பதில் சொல்கிறோம்? ‘உனக்கு என்ன தெரியும், நீ சின்னப் பிள்ளை.’

எட்டு வயதில் குடும்பத்துக்காகக் கதைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பதினேழு வயதில் தனக்காகக் கதைக்கத் தெரியாமல் போனது எப்படி?

கதைப்பதைப் பற்றிச் சொல்லும்போது பள்ளிக்கூடத்தையும் சொல்லவேண்டும். இந்த மாநிலத்தில் எழுத்துச் சோதனை உள்ள பாடங்களில்கூட, பிள்ளை வகுப்பில் கை உயர்த்துகிறதா, கேள்வி கேட்கிறதா, மற்றவர் சொன்னதை மறுத்து ஒரு காரணம் சொல்கிறதா என்பதற்கும் ஏறத்தாழச் சமமான மதிப்பு உண்டு. பெற்றோர் சந்திப்பு நாளில் ஆசிரியை சிரித்த முகத்தோடு சொல்வார்: உங்கள் மகள் நன்றாக எழுதுகிறாள், ஆனால் மிகவும் அமைதி. அப்பாவுக்கு முகம் மலரும். அமைதி என்றால் எங்கள் ஊரில் பாராட்டு. ஆசிரியை குறையாகச் சொன்னதை நாங்கள் நற்சான்றிதழாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். வந்து, அறிக்கையில் வாய்மொழிப் பங்குபற்றலுக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று பிள்ளையை ஏசுகிறோம். அதே இரவு சாப்பாட்டு மேசையில் பிள்ளை மாமா சொன்ன ஒரு விசயம் பிழை என்று திருத்தினால், ‘பெரிய ஆட்களுக்கு வாய் காட்டாதே’ என்று அடக்குகிறோம்.

காலையில் கை உயர்த்து, இரவில் வாயை மூடு. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எந்த வேளையில் தன் குரலைப் பழகுவது?

நாலாம் வகுப்பு வந்தால் வீடே காய்ச்சல் பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. அரையாண்டு அறிக்கையோடு பள்ளிக்கூடம் அடுத்த பள்ளிக்குச் சிபாரிசு எழுதும்: ஜிம்னாசியமா, றெயால்சூலேயா, ஹௌப்ட்சூலேயா, கெசாம்ட்சூலேயும் இருக்கிறது. இங்கே கடைசி முடிவு பெற்றோருடையது. ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று யோசிக்க எங்களுக்கு நேரம் தரப்பட்டிருக்கிறது. நாங்கள் யோசிப்பது வேறு. இன்னாரின் மகன் ஜிம்னாசியம் போகிறான், நாங்கள் எந்த முகத்தோடு அடுத்த பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போவது? ஐந்தாம் வகுப்பில் கெசாம்ட்சூலேயில் சேர்ந்த பிள்ளை அங்கேயே பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அபிதூர் வரை படிக்கலாம் என்பது தெரிந்தும், மண்டபத்தில் சொல்லக் கூச்சப்படுகிறோம். கூச்சம் எங்களுடையது, பாரம் பிள்ளையுடையது.

நாங்கள் தெரிந்தெடுக்கும் பாதை நிலைக்குமா என்பதற்கு இந்த ஊரிலேயே பாடம் இருக்கிறது. கோடைப் பின்னேரங்களில் ஃபீனிக்ஸ் ஏரிக்கரைக்குப் போகிறோம். றோல்ஸும் பற்றிஸும் கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் இருந்து சாப்பிடுகிறோம். கரையில் விலையுயர்ந்த வீடுகள். அந்தத் தண்ணீருக்குக் கீழே என்ன இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? ஃபீனிக்ஸ் ஓஸ்ட் உருக்காலை. 2001இல் மூடினார்கள். சீனாவின் ஷாகாங் நிறுவனம் அதை வாங்கியது. தொழிலாளர்கள் அங்கிருந்து வந்து, ஆலையைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2010 அக்டோபர் 1ஆம் திகதி அந்தப் பள்ளத்தில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். டோர்ட்மண்டின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மினிஸ்டர் ஸ்டைன் அதற்கும் முன்னரே, 1987இல் மூடப்பட்டுவிட்டது.

ஆலையில் வேலை செய்த ஒரு தகப்பன் 1970இல் மகனைப் பற்றி என்ன ஆசைப்பட்டிருப்பார்? ஹோஷ் உருக்காலையில் ஒரு வேலை. சாகும் வரை பயமில்லாத வேலை. அந்தத் தகப்பனும் பிள்ளையின் நன்மையைத்தான் நினைத்தார். அவர் கண்ணுக்கு எதிரே அந்த நாளின் உலகம் நிலையாக நின்றது. இன்றைக்கு நாங்கள் மருத்துவம், சட்டம், கணினி என்று மூன்றே மூன்று கதவைக் காட்டி, வேறு எதையும் பார்க்காதே என்கிறோம். இன்னும் முப்பது வருடத்துக்கு இந்த மூன்றும் இப்படியே நிற்கும் என்று எங்களுக்கு யார் உறுதி தந்தார்கள்? ஆலை மூடியபோது தப்பிப் பிழைத்தவர்களுக்கு உதவியது இன்னொரு தொழிலைத் தேடிப் பழகும் துணிவு. எங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு மணித்தியாலமும் ஒதுக்கியதில்லை.

தொழிற்பயிற்சிக்குப் போகிற பிள்ளையைப் ‘படிப்பு ஏறாதது’ என்று பேசுகிற வழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை பட்டறைக்குப் போகிறது, சம்பளம் வாங்குகிறது, வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளிக்குப் போகிறது. ஐந்து பேராவது பயிலுநராக இருக்கும் நிறுவனத்தில், தொழிலாளர் சபையும் இருந்தால், பயிலுநர்களுக்கென்று தனிப் பிரதிநிதித்துவம் தெரிவுசெய்யலாம் என்று ஜேர்மன் சட்டம் சொல்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை தன்னோடு வேலை செய்கிறவர்களுக்காக நிர்வாகத்தின் முன்னால் போய் உட்கார்ந்து கதைக்கலாம். அது படித்து மைஸ்டர், அதாவது தேர்ந்த தொழில் ஆசான், ஆனால், தனக்குக் கீழே பயிலுநர்களை வளர்க்கும். விரும்பினால் பிறகு பல்கலைக்கழகமும் போகலாம். மைஸ்டர்களுக்கு அந்தக் கதவு 2009இலேயே திறந்துவிட்டது. எந்த உதட்டையும் பார்க்காமல் முடிவெடுக்கும் பயிற்சி அங்கே சம்பளத்தோடு கிடைக்கிறது. எங்களுக்கோ அது சபையில் சொல்ல வெட்கமான செய்தி.

இன்னொரு வீட்டுக் காட்சி. பையன் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொல்கிறான்: ‘அப்பா, என்னை கிளாசன்ஷ்பிரெஹராத் தெரிஞ்சிருக்கினம்.’ வகுப்புப் பிரதிநிதி. அப்பா கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்கிறார்: ‘அதுக்குப் புள்ளி வருமோ?’ வராது என்றதும், ‘அப்ப ஏன் உனக்கு அந்த வேலை? படிப்பைப் பார்.’ பையன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறைக்குப் போகிறான்.

இருபத்தைந்து பிள்ளைகள், அதில் துருக்கி, போலந்து, சிரியா, ஜேர்மன் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும், இரகசிய வாக்கில் எங்கள் பிள்ளையின் பெயரை எழுதியிருக்கிறார்கள். வேறு எந்தப் போட்டியிலும் கிடைக்காத பரிசு அது. யாராவது ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் அநியாயமாகத் தண்டனை கொடுத்தால் போய்க் கதைக்கவேண்டும். வகுப்பில் ஒதுக்கப்படுகிற பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். வகுப்புச் சுற்றுலாவுக்கு எங்கே போவதென்று இரண்டு கன்னையாகப் பிரிந்து நிற்பவர்களை இணக்கவேண்டும். மேலே போனால் பாடசாலை மாநாட்டில் ஆசிரியர்கள், பெற்றோர்கள் பக்கத்தில் மாணவர் பிரதிநிதிக்கும் வாக்கு இருக்கிறது. எழுதிக் கொடுத்த பேச்சுக்குக் கிண்ணம் வாங்கி அலுமாரியில் வைக்கிற நாங்கள், இதை ஏன் குப்பையில் போடுகிறோம்?

எங்கள் சங்கங்களுக்கும் இதைச் சொல்லியாகவேண்டும். நிர்வாகக் கூட்டம் நடக்கிற மேசையைச் சுற்றி இருப்பவர்களின் தலைமயிரைப் பார்த்தால் விளங்கும். இளையோர் எங்கே? கதிரை அடுக்குகிறார்கள். ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். நேரலை போடுகிறார்கள். வடையும் தேநீரும் கொடுக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மேடையில் ஒருவர், ‘எங்கள் இளைய தலைமுறை பொறுப்பெடுக்க முன்வரவேண்டும்’ என்று ஒலிவாங்கியில் வருத்தப்படுகிறார். பொறுப்பு எங்கே வைத்திருக்கிறது, அவர்கள் வந்து எடுக்க?

பக்கத்து ஊர் ஹாமில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலை நினைத்துப் பாருங்கள். தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் போய் நிற்கிறோம். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்த பாஸ்கரக் குருக்கள் ஒரு நிலவறையில் தொடங்கியது அது. மொழியும் தெரியாத, விசாவும் உறுதியில்லாத காலத்தில், இந்தக் குளிரூரில் கோபுரம் எழும்பும் என்று ஒரு மனிதர் நினைத்தார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். 2002 யூலையில் குடமுழுக்கு நடந்தது. பிறகு வாகனத் தரிப்பிடம், தீயணைப்பு விதி, மாநகரசபை அனுமதி எல்லாம் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள், வந்தார்கள். ஆனால் தரிப்பிடத்தில் தொடங்கியிருந்தால் கோயில் வந்திருக்காது. அவர் எங்கள் பிள்ளையாக இருந்து, ‘நிலவறையில் கோயில் வைக்கப்போறன்’ என்று சொல்லியிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? முதலில் அபிதூரை முடி.

நெருக்கிக்கொண்டே போனால் பிள்ளைகள் எதிர்த்துக் கத்துவார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்கள் கத்துவதில்லை. தலையாட்டுகிறார்கள். எங்கள் முன்னால் ஒரு முகம், நண்பர்களிடம் ஒரு முகம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் தவணையோடு விட்டுவிட்ட படிப்பை வீட்டில் சொல்லாமல், காலையில் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு நூலகத்தில் போய் இருந்துவிட்டு வருகிறார்கள். நாங்கள் எவ்வளவு கெட்டிக்கார முகாமையாளர்களாக இருந்தும் எங்களுக்கு அறிக்கை பொய்யாகத்தான் வருகிறது. அதற்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உண்மை அறிக்கைக்கு நாங்கள் கொடுத்த வரவேற்பு அப்படி. வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல 116 111 என்ற எண்ணில் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொலைபேசி உதவி இந்த நாட்டில் இருக்கிறது, இலவசம். பெயர் சொல்லத் தேவையில்லை. அந்த எண்ணையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எங்களுக்கு வலிக்கும்; ஒட்டுங்கள்.

எல்லா வகுப்பையும் நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. நேரத்துக்கு நித்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, பல் வைத்தியர் தவணை, பள்ளிக்கூடச் செலவு, இதெல்லாம் எங்கள் முகாமை வேலை. அதை நாங்கள் விட்டால் வேறு ஆளில்லை. அட்டவணையில் ஒரு நாளைப் பிள்ளையிடம் கொடுங்கள். அது அந்த நாளை வீணாக்கும். முதல் சில கிழமை படுத்துக் கிடக்கும். கையைக் கட்டிக்கொண்டு பொறுத்துக்கொள்ளவேண்டும்; இது இரவு வேலையைவிடக் கடினம். மிருதங்கத்தை விடப்போகிறேன் என்றால், மாஸ்டரிடம் அதைத் தானே போய்ச் சொல்லட்டும். வகுப்புக் கட்டணத்தை நீங்கள் கட்டியது உண்மை, ஆனால் அந்தக் கதையை அது கதைக்கப் பழகட்டும். சங்கங்களில் இருப்பவர்கள் அடுத்த விழாவில் ஒன்றை, அதற்குரிய காசோடு சேர்த்து, இளையோரிடம் கொடுங்கள். கதிரை அடுக்குவதற்கு நாங்கள் போவோம். நட்டம் வந்தால் வரட்டும்; நாங்கள் நடத்திய விழாக்களில் வராத நட்டமா?

புதிய கல்வியாண்டு தொடங்கிச் சில கிழமைக்குள் வகுப்புப் பிரதிநிதித் தேர்தலும் வரும், பெற்றோர் கூட்டமும் வரும். பிள்ளை தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால் மறிக்காதீர்கள். பெற்றோர் கூட்டத்தில் வகுப்புப் பெற்றோர் சபைக்கு ஒரு தலைவரையும் தெரிவுசெய்வார்கள். அந்த நேரம் கடைசி வரிசையில் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்தான். இந்த முறை ஒருவராவது கை உயர்த்துவோம். அந்தக் கூட்டத்துக்கு மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தெரிந்த டொச்சில், பிழையோடு என்றாலும், நீங்களே எழும்பிக் கதையுங்கள்.